முச்சக்கர வண்டியும் முதுகில் ஒரு வீடும்

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலச் செல்வந்தர் நுவரெலியாவில் குடியேறத் தீர்மானித்தார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று, ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவரே. ஆட்கள், கால்நடைகள், வேட்டை நாய்கள், கலப்பைகள் ஆகியவற்றோடு குதிரைகள் பூட்டும் அழகிய வண்டியொன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார். அந்த வண்டி நுவரெலியாவைக் காணவில்லை. றம்பொடைக் கணவாயில் அது குதிரைகளோடு பள்ளத்தில் உருண்டது. உதவிக்கென்று ஒரு யானையை அனுப்பினார் பேக்கர். வண்டியோட்டி அதையும் குதிரையென எண்ணி மேட்டில் விரட்டி ஓட்டினான்; யானையும் மாண்டது. இவ்வரலாற்றைப் பேக்கர் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது இலங்கை நூலில் மிக்க நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். அவர் நகைத்தார், யானை நகைத்திராது.

மலைநாட்டு வீதியில் எதையேனும் கட்டி இழுக்க நினைப்பவர் எவரும் இந்தக் கதையை முதலில் படித்துவிடுவது நன்று. ஏனெனில், அந்த ஆசை இப்போது புது உருவில் வந்திருக்கிறது. முச்சக்கர வண்டியின் பின்னால் ஒரு சிறு பெட்டியைப் பூட்டி, அதற்குள் இருவர் படுத்துறங்கும்படி அமைத்து, ஊர் ஊராகச் சென்று வரலாம் என்பதே அது. மேல்நாடுகளில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் இத்தகைய பெட்டிகள் செல்வதை இளைஞர் பலர் படங்களில் பார்த்திருக்கிறார்கள். நம் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் முச்சக்கர வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு வெல்டிங் வேலையும் தெரியும், வண்டியின் உள்ளும் புறமும் தெரியும். ஆகவே, "நாமும் ஒன்று செய்தால் என்ன?" என்ற வினா எழுவது இயல்பே. செய்யலாம். எப்படிச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பவைதாம் இவ்வாரம் நாம் பார்க்க வேண்டியவை.

வீட்டைச் சக்கரத்தில் ஏற்றும் பைத்தியம் மேல்நாட்டாருக்கு நெடுங்காலமாகவே உண்டு. இன்பச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டிவீடு 1885ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் அதைச் செய்வித்தார். அதன் எடை சுமார் இரண்டு தொன். இழுப்பதற்கு இரண்டு பெருங்குதிரைகள் வேண்டியிருந்தன. மோட்டார் காருக்குப் பின்னால் இழுக்கும் வண்டிவீடுகள் முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தன. 1930களில் அமெரிக்காவில் கண்ணீர்த்துளி வடிவான சிறு பெட்டிகள் தோன்றின. உள்ளே ஒரு படுக்கை மட்டும். பின்புறக் கதவை உயர்த்தினால் அடுப்பங்கரை. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையை வீணாக்காமல் வெட்டக்கூடிய அளவுகளில், வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளும் வரைபடங்களைச் சஞ்சிகைகள் வெளியிட்டன. இரண்டு தொன்னில் தொடங்கியது சில நூறு கிலோவுக்கு இறங்கிவிட்டது. நமக்கு வேண்டியது அதிலும் பாதிக்குக் கீழ்.

இதையெல்லாம் அந்நியப் புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. 1867இல் கண்டிக்கு இரயில் வருமுன்னர் இம்மலைகளின் கோப்பி முழுவதையும் கொழும்புக்கு இறக்கியவை மாட்டுக் கரத்தைகளே. மேலே ஓலைக் கூண்டு, கீழே தொங்கும் அரிக்கேன் விளக்கு, அச்சின் அடியில் ஒரு சாக்கு. கரத்தைக்காரரின் வீடும் படுக்கையும் அதுவே. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடமொன்று உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பழைய இயந்திரங்களைக் கொண்டு மூன்று சக்கர வண்டி கட்டுவதிலும் நம்மவர் பின்தங்கியவர்கள் அல்லர். சென்னை வீதிகளில் ஓடும் மீன்பாடி வண்டியை அறியாதார் யார்? மீன் சுமக்கும் மிதிவண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் இயந்திரத்தைப் பொருத்தியதால் பிறந்தது அது. பொலிஸாருக்கும் அதற்கும் ஓயாத பகை. குஜராத்தில் புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு பெட்டியைச் சேர்த்து 'சக்டா' என்று ஊரே ஓட்டியது. ஏழையின் பொறியியல் என்று இவற்றைச் சொல்லலாம். அதில் இகழ்ச்சி ஒன்றுமில்லை. ஆனால் அவை ஓடியது சமதரையில். நமது வீதியோ வேறு.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். நாம் பார்த்த படங்களில் பெட்டியை இழுப்பவை பெரும்பாலும் 1000 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட, நூறு குதிரைவலு அளவுள்ள இயந்திரங்கள். நம் முச்சக்கர வண்டியின் இயந்திரம் 200 கன சென்ரிமீற்றர் அளவானது. அதன் வலு எட்டிலிருந்து பத்துக் குதிரைகள். அந்தப் பத்தும் கொழும்பில்தான் பத்து. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சு குறைந்தால் மனிதனுக்கு மட்டுமா, இயந்திரத்துக்கும் வலு குறையும். ஓட்டுநர்கள் "மேலே போனால் வண்டி இழுக்குதில்லை" என்று சொல்வது பிரமையன்று.

வெறும் வண்டி ஏறத்தாழ 350 கிலோ. கணவனும் மனைவியுமாக இருவர் அமர்ந்தால் 480 கிலோ. இதன் பின்னால் 150 கிலோவைப் பூட்டினால் 630. ஏற்றத்தில் அதே வேகத்தில் செல்ல வேண்டிய வலுவும் அதே விகிதத்தில், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கூடிவிடும். நானுஓயாவிலிருந்து மேலே ஏறும்போது மூன்றாம் கியரில் சென்றவர் இரண்டாம் கியரில் செல்வார். அவ்வளவுதான், அதைத் தாங்கிக்கொள்ளலாம். 300 கிலோவைப் பூட்டினால் முதல் கியரில் முனகிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸின் சாபங்களைச் சுமந்துகொண்டு செல்ல நேரிடும். கிளட்ச்சும் வெகுநாள் நிலைக்காது. பிரித்தானிய வீதி விதிகள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இழுக்கும் பெட்டி, சாமான்கள் உட்பட, 150 கிலோவுக்கோ சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கோ, எது குறைவோ அதற்கு மேற்படக்கூடாது என்று சொல்கின்றன. நமக்கு அந்த 150 கிலோவை எல்லையாகக் கொள்வது புத்திசாலித்தனம். பெட்டி 110, சாமான் 40.

110 கிலோவில் ஒரு வீடா? முடியும், ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குக் கேட்டால் முடியும். அடிச்சட்டத்துக்குத் தடித்த 'எல்' இரும்பை எடுக்காதீர்கள். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் இரும்பு, தகடு கனம் ஒன்றரை மில்லிமீற்றரளவு உள்ளது, போதும். மீற்றருக்கு இரண்டு கிலோவுக்கு உட்பட்டே நிற்கும். பட்டறையில் வேலை செய்பவர் பழக்கதோஷத்தால், "இதென்ன ஈர்க்கில் மாதிரி, கனமாகப் போடுவோம்" என்பார். அவர் அன்பினால் சொல்கிறார், இணங்காதீர்கள். கனத்தை இரும்பில் சேர்ப்பதைவிட, மூலைகளில் முக்கோணத் தகடுகளை வைத்து ஒட்டுவதே உறுதி தரும். 12 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை ஒன்று இருபது கிலோ நிறுக்கும். 4 மில்லிமீற்றர் பலகையோ ஆறு ஏழு கிலோதான். தரைக்கு மட்டும் சற்றுக் கனமான பலகை. சுவர்களுக்கும் கூரைக்கும் மெல்லியது. அதனுள்ளே ஒரு அங்குல ரெஜிபோம் அட்டையைப் பசையிட்டு ஒட்டினால் விறைப்பும் வரும், குளிரும் தடைபடும். கூரையின் வளைவே அதற்குப் பலம். தட்டையான கூரையில் மழைநீர் தேங்கும், காற்று மோதும்.

அகலம் முச்சக்கர வண்டியின் அகலத்தை மீறலாகாது. நான்கு அடி போதும். உயரமும் நான்கடி. உள்ளே எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டுவிடுங்கள். நிற்பதற்கு வெளியே வானம் இருக்கிறது. நீளம் ஆறரை அடி. சக்கரங்களும் முச்சக்கர வண்டியின் எட்டு அங்குலச் சக்கரங்களாகவே இருக்கட்டும். ஒரே மேலதிகச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். இந்த ஆலோசனை அற்பமாகத் தோன்றலாம். வட்டவளையில் கொட்டும் மழையில், இருட்டில், டயர் வெடித்து நிற்பவருக்கு அது அற்பமாகத் தோன்றாது.

ஆறரை அடிக்கு நான்கு அடி என்று எழுதுகையில் பேனா சற்றுத் தயங்குகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை குடியிருந்த மக்கள் நாம். நெருக்கமான இடத்தில் வாழ்வதை ஒரு கேளிக்கையாக மேல்நாட்டார் பணம் கொடுத்து அனுபவிக்கிறார்கள் என்றால், எங்கள் பாட்டிமார் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இருப்பினும் வேறுபாடு ஒன்றுண்டு. காம்பரா நகராது. எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தி, காலையில் கதவைத் திறந்தால் வேறொரு மலை தெரியும் என்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது.

இனிக் கரத்தைக்காரரின் பாடத்துக்கு வருவோம். சுமை ஏற்றியதும் அவர் முதலில் பார்ப்பது முன்பாரமா பின்பாரமா என்பதைத்தான். முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இழுவைப் பெட்டிக்கும் அதே நியாயம். அச்சு சரியான நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி அமைய வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 கிலோவளவு, கொளுக்கியின்மேல் அமர வேண்டும். பின்பாரம் அதிகமானால் இறக்கத்தில் பெட்டி நாய்வால் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். ஒருமுறை ஆட ஆரம்பித்தால் ஆட்டம் வளருமேயன்றிக் குறையாது. முன்னால் செல்லும் வண்டியையும் உடன் ஆட்டும். ஆகவே தண்ணீர்க் கேன், அரிசி, அடுப்பு எல்லாம் அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக இருக்கட்டும். பின்புறத்தில் அடுப்பங்கரை வைக்கும் அமெரிக்க வழக்கம் நமக்கு ஒத்துவராது.

அதற்காக முன்பாரத்தையும் கூட்டிவிடக் கூடாது. நம் வண்டிக்கு முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். கொளுக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அழுத்தும் எடை துலாக்கோல் போல முன்சக்கரத்தை மேலே தூக்கும். 15 கிலோ அழுத்தினால் முன்சக்கரம் நான்கைந்து கிலோ இலேசாகும், அது பரவாயில்லை. 50 கிலோ அழுத்தினால், செங்குத்தான ஏற்றத்தில், ஈரத் தார் வீதியில், திருப்பிய பக்கம் திரும்பாத கைபிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொளுக்கியை இயன்றவரை தாழ்வாகவும், பின் அச்சுக்கு அண்மையிலும் வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்த வேண்டும். பின் பம்பரில் பொருத்துவது தற்கொலைக்கு ஒப்பு. பம்பர் அழகுக்கு வைத்தது.

ஏறுவதைப்பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். உண்மையான அபாயம் இறங்குவதில்தான் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் ஏறத்தாழ 1400 மீற்றர் இறங்குகிறோம். 630 கிலோ எடையை அவ்வளவு ஆழம் இறக்கும்போது வெளிப்படும் சக்தி வீணாய் மறையாது. அது வெப்பமாகியே தீரும். எவ்வளவு வெப்பம்? இருபத்தைந்து லீட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எல்லாக் குழந்தைகளுக்கும் தேநீர் ஊற்றலாம்! அதில் பெட்டியின் பங்கு மட்டும் ஆறு லீட்டர். காற்றின் தடை சிறிது எடுத்துக்கொள்ளும். கியரில் இருந்தால் இயந்திரம் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதெல்லாம் பிரேக் டிரம்முக்குள் போகிறது. பெற்றோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுபவர் அந்தக் கொதிகேத்தல் முழுவதையும் நான்கு அங்குல அகலமும் இல்லாத பிரேக் லைனிங்கின் தலையில் கவிழ்க்கிறார். லைனிங் சூடேறச் சூடேற அதன் பிடி தளரும். கால் அழுத்தும், வண்டி நில்லாது. மிச்சப்படுத்திய பெற்றோல் அப்போது எந்தப் பயனும் தராது.

இது கற்பனை அச்சமன்று. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றி வந்திருந்த பஸ் ஒன்று இறக்கத்தில் வந்து வேன் ஒன்றுடனும் முச்சக்கர வண்டி ஒன்றுடனும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. மாண்டவர்கள் அந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டியெல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பேக்கரின் வண்டி உருண்ட அதே மலைத்தொடர். வீதி அகன்றிருக்கிறது, தார் போட்டிருக்கிறது. மலை மட்டும் சாயவில்லை. இந்த வீதிகளில் மிகச் சிறிய வாகனம் நம்முடையது என்பதையும் மறக்கலாகாது. மோதும்போது கணக்கு எப்போதும் சிறியவன் தலையில்தான் எழுதப்படும்.

ஆதலால் பெட்டிக்கென்று தனி பிரேக் வேண்டும். "150 கிலோவுக்கு எதற்கு?" என்று வாதிடுவோர் உண்டு, சமதரை நாட்டில் அவர்கள் வாதம் செல்லும். செய்வது கடினமுமல்ல. பழைய முச்சக்கர வண்டியின் பின்சக்கர டிரம்களையே பெட்டிக்கும் பொருத்தலாம். கொளுக்கித் தண்டை ஒரு குழாய்க்குள் ஒரு குழாயாகச் செய்து, இடையே வலுவான சுருள்வில்லை வைத்தால், முன்வண்டி வேகம் குறையும்போது பின்னாலிருந்து பெட்டி தள்ளும். தள்ளும்போது உட்குழாய் சிறிது உள்ளே நகரும். அந்த நகர்வு ஒரு கம்பியை இழுத்துப் பெட்டியின் பிரேக்கைப் பிடிக்கும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். மேல்நாட்டு வண்டிவீடுகளில் பல பத்தாண்டுகளாக வழங்கும் முறை இதுவே. பின்னோக்கிச் செலுத்தும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு தொல்லை. அதற்கு ஒரு தாழ்ப்பாள் வைத்துக்கொள்ளலாம். தவிர, கொளுக்கி கழன்றால் பெட்டி தானே ஓடிவிடாதபடி அடியில் குறுக்காக இரு சங்கிலிகள் கட்டாயம். நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நம் லொறிக்காரர்களின் பழைய வழக்கம், அவர்களைப் பின்பற்றுங்கள்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்ற பழைய விதி இங்கே ஒரு படி கூட்டப்படுகிறது: பெட்டி பூட்டியிருந்தால் அதற்கும் ஒரு கியர் குறைவாக. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஆசையையே விட்டுவிடலாம். அவ்வகை இயந்திரம் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது மிகச் சொற்பம்.

உறங்கும் விஷயத்துக்கு வருவோம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு; உறைபனி விழுந்து கொழுந்து கருகும் காலம் அது. மெல்லிய பலகைக்குள் இருவர் படுத்தால் மூச்சினால் வரும் ஈரமே ஓர் இரவில் அரை லீட்டருக்குக் குறையாது. அது குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகத் திரண்டு போர்வையில் சொட்டும். கூரை ஒழுகுகிறதென்று அதிகாலையில் சண்டை மூளும். கூரை ஒழுகவில்லை, நாம்தான் ஒழுகுகிறோம். மருந்து எளிது. தாழ்வாக ஒரு துவாரம், எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு துவாரம். இரண்டும் கொசுவலைக் கம்பியிட்டு எப்போதும் திறந்திருக்க வேண்டும். குளிர்கிறதென்று துணி அடைக்கக் கூடாது. குளிருக்கு இன்னொரு கம்பளி எடுங்கள்.

கம்பளிக்குப் பதிலாகக் கரிச்சட்டியை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல் இல்லை. இலேசான தலைவலியும் சுகமான உறக்கமும் வரும், அவ்வுறக்கத்திலிருந்து எழுவதில்லை. வீட்டறையே இதற்குச் சிறிது; நான்கடி அகலப் பெட்டியைச் சொல்லவும் வேண்டுமோ? புகை நின்றுவிட்ட தணலும் அவ்வாறே கொல்லும். எரிவாயு அடுப்பும் வெளியேதான், மழையானாலும் ஒரு படங்கைத் தாழ்வாரமாக இழுத்துக் கட்டி அதன் கீழ்.

படங்கு என்றதும் இன்னொரு வழியும் நினைவுக்கு வருகிறது. பலகைச் சுவரே வேண்டாமென்று, அடியில் ஆழமற்ற பெட்டியும், மேலே மடக்கக்கூடிய குழாய்ச் சட்டமும், அதன்மேல் இரட்டைப் படங்குமாக அமைத்தால் எடை 70 கிலோவுக்குள் அடங்கும். செல்லும்போது உயரமின்றிக் காற்றுக்கு வழிவிடும். வார நாட்களில் படங்கைக் கழற்றிவிட்டால் கரட்டும் லீக்ஸும் சந்தைக்கு ஏற்றலாம். முச்சக்கர வண்டியின் தவணைப் பணம் மாதந்தோறும் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு, வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கும் பொருளைவிட இதுவே பொருத்தம். என் வாக்கு படங்குக்குத்தான். ஆனால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தார் இதை ஏற்கமாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே பெய்யும் மழைக்கு எந்தப் படங்கும் மூன்றாம் நாள் சரணடைந்துவிடும்.

வண்டியில் உறங்குவது நம் ஓட்டுநர்களுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டில் பெற்றோல் இல்லாமற் போனபோது, இரவு பகலாக வரிசையில் நின்று, பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உறங்கினார்கள். பின்னர் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு 5 லீட்டர் என்று முச்சக்கர வண்டிக்கு அளந்து கொடுத்தபோது பலருடைய அடுப்பும் அணைந்தது. அந்த நாட்களைக் கண்டவர்கள் எடையைப்பற்றியும் எரிபொருளைப்பற்றியும் அலட்சியமாக இருக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

அடுத்து, எங்கே நிறுத்துவது? இதுதான் மலையகத்தில் எல்லாவற்றிலும் சிக்கலான வினா. ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே தங்க இயலாது. வீதியோரத்தில் வளைவுக்கு அருகே நிறுத்துவது ஆபத்து. மண்மேட்டின் அடியில் நிறுத்துவதோ அதனினும் ஆபத்து. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் புறப்படவே வேண்டாம். எஞ்சியது தோட்டக் காணி. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளன. அந்தத் தேயிலையை நட்டவர்களின் பேரப்பிள்ளை, அந்த மலையில் ஓர் இரவு தன் பெட்டியை நிறுத்த வேண்டுமென்றால், அலுவலகத்துக்குச் சென்று அனுமதி கேட்க வேண்டும். வெளிநாட்டார் வந்து தங்கும் பங்களா பக்கத்திலேயே இருக்கும். சொல்லிப் பயனில்லை என்று பலர் விட்டுவிட்ட விஷயம் இது. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்த குடும்பங்கள் சில தம் முற்றத்தை இதற்கு விடலாம். பயணிக்கு இடம், குடும்பத்துக்குச் சிறு வருமானம். காணியே பெறாத குடும்பங்கள்தாம் அதிகம்.

சட்டத்தையும் கேட்டுவிடுங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் இழுவைப் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. இரும்பு வாங்குவதற்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்துமூலம் விசாரிக்க வேண்டும். கட்டி முடித்தபின் விசாரிப்பது, பந்தியில் அமர்ந்தபின் அழைப்பிதழ் தேடுவது போன்றது. காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பெட்டி விபத்தில் சிக்கினால், அவர்கள் கையை விரிப்பார்கள். சேதமுற்ற மற்றவரின் குடும்பம் உங்கள் வாசலுக்கு வரும். பின்புறச் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, திசைகாட்டி மூன்றும் பெட்டியிலும் எரிய வேண்டும். மூடுபனியில் லிந்துலைப் பக்கம் சென்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்குக் கிளம்பாதீர்கள். பெட்டிக்குள் 40 கிலோ உருளைக்கிழங்கை மூட்டையாகக் கட்டி வையுங்கள். நுவரெலியாவில் கிரெகரி ஏரிக்கரையோரம், ஆள்நடமாட்டம் குறைந்த அதிகாலையில், சமதரையில் பத்துமுறை வேகமெடுத்து பத்துமுறை நிறுத்திப் பாருங்கள். நின்றதும் இறங்கிப் போய்ப் பெட்டியின் இரு டிரம்களுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், அருகில் மட்டும். இரண்டும் ஒரே அளவாகச் சூடாயிருந்தால் பிரேக் இருபுறமும் சமமாகப் பிடிக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், அன்று பயணமில்லை. கம்பியைச் சரிசெய்து மறுநாள் வாருங்கள். உருளைக்கிழங்கு அதுவரை கெட்டுப்போகாது.